தயிர்க்காரியின் கண் மருந்து

நஸீறா பாலுக்கு உறை விட்ட பிறகு அந்த வீட்டில் யாரும் ஓடக் கூடாது. கதவை அடித்துச் சாத்தக் கூடாது. தும்மல் வந்தால் முற்றத்துக்குப் போய்த் தும்ம வேண்டும். சுவரோரம் வரிசையாக அடுக்கித் தாள் மூடிக் கட்டிய சட்டிகளுக்குள் எருமைப்பால் மெல்ல மெல்லத் தயிராகிக்கொண்டிருக்கும். அசைந்த சட்டியில் தயிர் உடையும், தண்ணீர் விடும். ஓட்டமாவடிப் பாலத்தடியில் வண்டியை நிறுத்தித் தயிர் வாங்குகிற பொலன்னறுவைக்காரர்கள் சட்டியைச் சரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்த மௌனத்தை நஸீறாவால் தாங்கவே முடியாது.

அவளுடைய கணவன் பாறூக் எருமைப் பட்டியிலிருந்து பாலோடு வரும்போது தெரு முனையிலேயே மோட்டார்சைக்கிளின் இயந்திரத்தை நிறுத்தி, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவான். "நஸீறாட வீட்டில பல்லியும் மெதுவாத்தான் கத்தும்" என்பது அந்தத் தெருவின் பழைய பகிடி.

இப்படிப்பட்ட வீட்டில்தான், ஓர் இடத்தில் நிற்கவே தெரியாத றிஸ்லா பிறந்திருந்தாள். மூன்றாம் வகுப்புக்குப் போகிறவள். ஒரே மகள். பள்ளி விடுமுறை என்றால் தகப்பனின் பின்னால் தொற்றிக்கொண்டு வயல் தாண்டிய மேட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பட்டியில் சீனி என்று ஒரு நாகு இருந்தது. இன்னும் கொம்பு முளைக்காத எருமைப் பெட்டைக் கன்று. பெயர் வைத்தது றிஸ்லா.

"வாப்பா, சீனிக்கு றிபன் கட்டினா வடிவா இரிக்கும்."

"கழுத்தில கட்டு மகள்," என்றான் பாறூக், பால் கறந்தபடியே.

"கழுத்தில எல்லாரும்தான் கட்டுவாங்க. நான் வாலுல கட்டப் போறன்."

வாலில் முதல்நாள் சேறும் வைக்கோல் தும்பும் காய்ந்து ஒட்டியிருந்தன. றிபன் முடிச்சு இறுகுவதற்குள் சீனி வாலை ஒரு வீசு வீசியது. றிஸ்லா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தினாள். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை தன்னைப் பற்றியதல்ல.

"சீனி வேணுமெண்டு அடிக்கல்ல உம்மா. அவளுக்குக் கிச்சுக்கிச்சு."

கண் சிவந்தது. நல்ல தண்ணீரால் கழுவினார்கள். சிவப்பு குறையவில்லை. வெளிச்சம் பட்டால் றிஸ்லா தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள். பிறகு ஒரு காலையில் கருவிழியின் மேல், பாலில் விழுந்த சுண்ணாம்புத் துகள் போல, ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது.

"பாமசியில சொட்டு மருந்து ஒண்டு வாங்கி விடுவமே," என்றான் பாறூக். "செவந்த கண்ணுக்கு எல்லாரும் அதத்தானே விடுறாங்க."

"உடைஞ்சா வேற சட்டி வைக்க கண்ணென்ன தயிரா?" என்றாள் நஸீறா. "மோட்டர்சைக்கிள எடுங்க. இஞ்ச இருந்தே ஸ்டாட் பண்ணுங்க. சத்தம் போட்டாலும் பறவால்ல."

அதைக் கேட்டுத்தான் பாறூக்குக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் வினோஜன் இளம் வயதுக்காரர். கன்னத்தில் இன்னும் பருக்கள் இருந்தன. றிஸ்லாவின் மோவாயை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொல்லி, மறுபக்கம் இருந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு செம்மஞ்சள் தாளொன்றை நனைத்து இமை ஓரம் தொட்டு, நீல வெளிச்சத்தைப் போட்டார். அருகில் நின்ற நஸீறா மகளின் கண்ணில் பச்சையாக ஒரு திட்டு ஒளிர்வதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. தோல் உரிஞ்ச இடத்தில சாயம் ஏறும். அதான் பச்சை."

"என்ட கண்ணுக்குள்ள பச்சை லைட்டா?" என்றாள் றிஸ்லா. "எனக்குக் காட்டுங்க டொக்டர்."

"உன்ட கண்ண உனக்கு எப்பிடிக் காட்டுற?"

"போன்ல எடுத்துக் காட்டுங்க."

டொக்டர் எடுத்தும் காட்டினார். அவள் அந்தப் படத்தில் மூழ்கியிருந்த நேரத்தில் நஸீறாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். மரத்துப்போகிற மருந்து விட்டு, அந்த வெள்ளையை இம்மியளவு சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். என்ன கிருமி என்று தெரியாமல் மருந்து விடுவது இருட்டில் கல் எறிகிற வேலை. பாமசியில் கண்டதை வாங்கி விடாமல் வந்தது எவ்வளவு நல்லது தெரியுமா, என்றும் சொன்னார். நஸீறா பாறூக்கைப் பார்த்தாள். பாறூக் மின்விசிறியைப் பார்த்தான்.

சுரண்டியதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, டொக்டர் அதையும் தன் போனில் படம் பிடித்து வந்து காட்டினார். சாம்பல் வெளியில் மெல்லிய நூல்கள். கிளை விட்டு, ஒன்றையொன்று தாண்டி, வாவியின் அடியில் பாசி படர்ந்தது போல.

"பூஞ்சணம்," என்றார். "வைக்கோல்லயும் சேத்துலயும் இருக்கிறது. கண்ணில கீறல் விழுந்த உடன உள்ளுக்குப் பூந்திட்டு."

நஸீறாவுக்குப் பூஞ்சணத்தை நன்றாகத் தெரியும். அவளுடைய தொழிலின் எதிரி அது. பூஞ்சணம் பிடித்த சட்டியை எத்தனை தரம் கழுவினாலும் மண் அதைக் குடித்து வைத்திருக்கும். அடுத்த பாலிலும் வரும். அப்படிப்பட்ட சட்டியை அவள் வேலியடியில் போட்டு உடைத்துவிடுவாள்.

"கண்ண எடுத்திருவீங்களா டொக்டர்?"

"சேச்சே. என்னக்கா கதைக்கிறீங்க? மருந்து இருக்கு. மணித்தியாலத்துக்கு ஒருக்கா விடணும். புண் ஆறி மாறக் கொஞ்சக் காலம் எடுக்கும். ஒழுங்கா விட்டா மாறும்." பிறகு, அவள் கேட்காமலேயே, உண்மையையும் சொன்னார். "மாறாட்டி நடுவுக்குப் படர்ந்திரும். மறுகா கொழும்புக்கு அனுப்பி, வேற ஆள்ட கருவிழி வைக்க வேண்டி வரும். அந்த அளவுக்குப் போக விடக் கூடாது."

றிஸ்லாவை வார்டில் சேர்த்தார்கள். மருந்து வெள்ளையாக இருந்தது. பால் போல. நர்ஸ் குப்பியைப் பலமாகக் குலுக்கி ஒரு சொட்டு விட்டாள். "எரியுது! எரியுது!" என்று றிஸ்லா வார்டையே தூக்கினாள்.

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சிறுவன் அதே மருந்துக்கு அதே போலக் கத்தினான். அவன் லக்ஷன். பெரியகல்லாற்றுக்காரன். தோணியில் நின்று வலையை எட்டி இழுத்தபோது ஆற்றோரத்துக் கண்ணா மரத்தின் கொப்பு கண்ணில் குத்திவிட்டதாம். அவனுடைய தாய் சீதேவிப்பிள்ளை பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த குரலும் உள்ளவள். மீன் விற்றுப் பழகிய குரல். நஸீறா வந்த முதல் நாளே அவள் கட்டிலுக்குக் கட்டில் பாலம் போட்டுவிட்டாள்.

"எந்த ஊர் புள்ள?"

"ஓட்டமாவடி அக்கா."

"என்ன தொழில்?"

"தயிர்."

"ஆகா. இஞ்சாரு, எங்கட ஊருக்கு வார தயிரெல்லாம் ஒரே தண்ணி. சட்டிய ஆட்டினாக் கடல் மாதிரிச் சத்தம் கேக்கும்."

நஸீறாவுக்குச் சுருக்கென்றது. "அது என்ட தயிர் இல்ல அக்கா. என்ட தயிர்ல கரண்டி குத்தினா நிக்கும்."

"கரண்டி நிண்டா நான் நம்புவன். கொண்டாந்து காட்டு."

அடுத்த நாள் பாறூக் ஒரு சட்டி கொண்டு வந்தான். கரண்டி நின்றது. சீதேவிப்பிள்ளை அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பதிலுக்கு அவளுடைய வீட்டிலிருந்து புட்டும் அதற்கு ஊற்றிக்கொள்ள மணலை மீன் ஆணமும் வந்தன. வார்டில் இருந்த தாய்மார் எல்லாரும் வாங்கித் தின்றார்கள். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் நஸீறாவுக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வராது. ஏதோ ஒரு கலியாண வீட்டின் பின்கட்டுத்தான் நினைவுக்கு வரும்.

இரண்டு கண்களிலும் வெள்ளை சுருங்கத் தொடங்கியது. டொக்டர் இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பினார். ஆளுக்கொரு குப்பி. "குலுக்கிப் போட்டு, மணித்தியாலத்துக்கு ஒரு சொட்டு. கிளினிக்குக்குக் கட்டாயம் வரணும்."

வீட்டில் நஸீறா அதை ஒரு தொழுகை போலவே செய்தாள். பாங்கு, பொலன்னறுவை பஸ்ஸின் ஹோர்ன், பள்ளிக்கூட மணி, பாண்காரனின் பாட்டு என்று தெருவில் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் ஒரு சொட்டை நினைவூட்டியது. முதல் நாள் குப்பியைக் குலுக்கித்தான் விட்டாள். றிஸ்லா அழுதாள். இரண்டாம் சொட்டுக்கும் அழுதாள். மூன்றாம் சொட்டுக்கு வேலியைத் தாண்டி ஓடிவிட்டாள்.

அன்று மாலை நஸீறா குப்பியைத் தயிர்ச் சட்டிகளுக்குப் பக்கத்தில், அந்தக் குளிர்ந்த மூலையில் வைத்தாள். மறுமுறை எடுக்கப் போனபோது பார்த்தாள்: வெள்ளை அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. அசைக்காமல் எடுத்து, மெதுவாகச் சரித்து, அந்தத் தெளிவில் ஒரு சொட்டு விட்டாள். றிஸ்லா கண்ணைச் சிமிட்டினாள்.

"எரியல்ல உம்மா!"

"எரியல்லயா?"

"கொஞ்சமும் இல்ல. இப்பிடியே விடுங்க உம்மா. ஒங்கட கை நல்ல கை."

நஸீறாவுக்குப் பெருமையாக இருந்தது. பாவம், நர்ஸுமாருக்கு எவ்வளவு வேலை. உலுப்பிப் போட்டு ஊற்றிவிட்டு ஓட வேண்டியதுதான். வெள்ளையான ஒன்றை உலுப்பக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொல்லித் தருவது? கலங்கினால் புளிக்கும், புளித்தால் எரியும். அவள் பொறுமைக்காரி. தெளிய வைத்து ஊற்றுவாள்.

அன்றிலிருந்து குப்பியும் சட்டிகளோடு சேர்ந்து தூங்கியது. மருந்து மூலைக்குப் பக்கத்தில் பாறூக் செருமினாலும் முறைத்தாள். றிஸ்லா சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்தாள். இவ்வளவு அமைதியான வைத்தியத்தை அந்தத் தெரு கண்டதில்லை.

ஆனால் வெள்ளை சுருங்கவில்லை. சிவப்பும் திரும்பி வந்தது. கிளினிக் நாள் நெருங்க நெருங்கப் புள்ளியின் ஓரம் பிசிறு பிசிறாக நடுவை நோக்கி நீண்டது போல நஸீறாவுக்குத் தோன்றியது. இடது கண்ணை மூடிக் கேட்டால், "பொகையா இரிக்கி உம்மா," என்றாள் றிஸ்லா. பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்து, "நல்ல வெள்ளைப் பொகை," என்று ஆறுதலும் சொன்னாள்.

கிளினிக்கில் டொக்டர் நீல வெளிச்சத்தை அணைத்துவிட்டு நாற்காலியை நஸீறாவின் பக்கம் திருப்பினார்.

"மருந்து ஒழுங்கா விடுறீங்கதானே அக்கா?"

"அல்லாஹ் மேல ஆணை டொக்டர். ஒரு சொட்டும் தவறல்ல."

அது உண்மை. அவர் அதை நம்பினார். நம்பியதால்தான் முகம் வாடியது. "அப்ப இந்தக் கிருமிக்கு இந்த மருந்து கேக்கல்ல. வெளியில கொஞ்சம் இருங்க. கொழும்போட கதைச்சிட்டுக் கூப்பிடுறன்."

நஸீறா வெளியே விறாந்தை வாங்குப் பலகையில் வந்து இருந்தாள். பாறூக் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அப்போதுதான் விறாந்தையின் அந்தக் கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"என்னகா தயிர்க்காரி! ஆளக் கண்டும் பறையாம இருக்கிறாய்?"

சீதேவிப்பிள்ளையும் லக்ஷனும். லக்ஷனின் கண் சிவப்பு மாறித் தெளிந்திருந்தது. புள்ளி இருந்த இடத்தில் கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல். அவ்வளவுதான். நஸீறா சந்தோஷப்படத்தான் பார்த்தாள். றிஸ்லாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்கட புள்ளைக்கு மாறல்ல அக்கா. அதே மருந்து, அதே டொக்டர். கொழும்போட கதைக்கிறார்."

சீதேவிப்பிள்ளையின் குரல் முதன்முறையாக இறங்கியது. "அட கடவுளே." பிறகு லக்ஷனைப் பார்த்து, "டேய், மருந்து நேரம். சாய்," என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து குப்பியை எடுத்தாள். வலையிலிருந்து நண்டை உதறுகிறவள் போலக் கை முழுவதும் அதிர உலுப்பினாள்.

நஸீறாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இத்தனை துக்கத்திலும் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"அக்கா, அப்பிடி உலுப்பாதீங்க. தெளிய வெச்சு மேல் தண்ணியில விடுங்க. புள்ளைக்கு எரியாது."

"எரியாட்டி அதென்ன மருந்து?" சீதேவிப்பிள்ளை ஒரு சொட்டு விட்டாள். வெள்ளைச் சொட்டு. லக்ஷன் காலை உதைத்துக்கொண்டு, "அம்மோ!" என்றான். "பார், எப்பிடிப் பிடிக்குது! நீ எப்பிடிப் புள்ள விடுறாய்? காட்டு."

நஸீறா வழியெல்லாம் மடியில் நிமிர்த்தி வைத்து வந்த பையிலிருந்து தன் குப்பியை எடுத்து, அசையாமல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே கொஞ்சமாய்த் தெளிந்த நீர். அடியில் வெள்ளை. தடித்து, உறைந்து, அமைதியாக. குப்பி முக்கால்வாசி முடிந்திருந்தது; ஆனால் அந்த வெள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளில் இருந்த அளவிலேயே இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓட்டமாவடியில் எந்தத் தயிர்க்காரியை எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள், அடியில் நிற்பது என்ன, மேலே நிற்பது என்ன என்று. மேலே நிற்பதை அவர்கள் வாய்க்காலில் ஊற்றுவார்கள். இத்தனை நாளும் அவள் மகளுக்கு ஊற்றியது அதைத்தான்.

"அக்கா," என்றாள். "தயிர் அடியில இரிக்கி."

"என்னகா சொல்றாய்?"

பதில் சொல்ல அவள் நிற்கவில்லை. கூப்பிடக் காத்திருக்கவுமில்லை. வாழ்நாளெல்லாம் கதவை அடித்துத் திறந்திராத நஸீறா, டொக்டரின் அறைக் கதவைச் சுவரில் மோத அடித்துத் திறந்தாள்.

"கொழும்புக்கு அனுப்பாதீங்க டொக்டர்! நான் மருந்து விடல்ல. தண்ணிதான் விட்டன்!"

டொக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல, அழ அழ, குப்பியை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். குலுக்கினார். குப்பி முழுவதும் பால் வெள்ளையாய் மாறியது. அவர் அதையே பார்த்தார். பிறகு அந்தப் பரு விழுந்த முகத்தில், அடக்கப் பார்த்தும் அடங்காமல், ஒரு சிரிப்பு வந்தது.

"அப்ப மருந்து தோக்கல்ல அக்கா! மருந்து இன்னும் கண்ணுக்குப் போகவேயில்ல!"

"ஏசுங்க டொக்டர். சிரிக்காதீங்க."

"என்னத்துக்கு ஏசுற? குலுக்குங்க எண்டு சொன்னன். ஏன் எண்டு சொல்லல்லயே. தயிர்க்காரிக்கிட்ட வெள்ளைய உலுப்பு எண்டா ஆர்தான் உலுப்புவாங்க?" அவர் போனைக் காதில் வைத்து, "சேர், ஒரு நல்ல செய்தி. கொஞ்சம் பொறுப்பம்," என்றார்.

கதவோரத்தில் நின்று இவ்வளவையும் கேட்ட றிஸ்லாவின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப திரும்ப எரியுமா?"

"நல்லா எரியும்," என்றார் டொக்டர்.

"அப்ப எனக்குத் தயிர் வேணும். பாணி ஊத்தி, இனிப்பா. ஒவ்வொரு சொட்டுக்கும்."

அவளை மீண்டும் வார்டில் வைத்து, வெள்ளை மறுபடி சுருங்குவதைக் கண்ட பிறகே வீட்டுக்கு விட்டார்கள். வந்த அன்றிலிருந்து அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. மருந்து நேரம் வந்தால் குப்பியை உலுப்புகிற உரிமை றிஸ்லாவுக்கு. அவள் அதைக் கையில் பிடித்து முற்றத்தைச் சுற்றி ஓடுவாள், கட்டிலில் ஏறிக் குதிப்பாள். பாறூக் தகரப் பேணியில் தாளம் போடுவான். ஓடிக் களைத்து வந்து உம்மாவின் மடியில் தலையை வைத்ததும் நஸீறா சொட்டை விடுவாள்.

"எரியுது!"

"கத்து மகள். நல்லாக் கத்து. ஒனக்கு எரிஞ்சா அவனுக்கு உயிர் போகுது."

"போடா பூஞ்சணம்!" என்று றிஸ்லா கூரை அதிரக் கத்துவாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நஸீறாட வீடா இது?" என்று யாரோ கேட்பார்கள்.

தயிர் உடைந்தது. ஒரு நாள் அல்ல, பல நாள். உடைந்த தயிரைக் கடைந்து மோராக்கி, தெருவெல்லாம் கொடுத்தாள் நஸீறா. பாலத்தடியில் பொலன்னறுவைக்காரர் ஒருவர் சட்டியைச் சரித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனபோது, "போங்க, போங்க, அடுத்த மாசம் வாங்க," என்று பின்னாலிருந்து உரக்கச் சொன்னாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மழை விட்டு வயல்கள் கதிர் தள்ளிய காலத்தில், டொக்டர் வினோஜன் கடைசி முறையாக நீல வெளிச்சத்தைப் போட்டார். பச்சை ஒளிரவில்லை. கருவிழியின் ஓரத்தில், பார்வையின் வழிக்கு வெளியே, எள்ளளவு ஒரு தழும்பு மட்டும் நின்றது. இடது கண்ணை மூடி, சுவரில் தொங்கிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். றிஸ்லா கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் வந்து நின்றாள்.

"கடைசி வரி?"

"தெரியுது. ஆனா அது இங்கிலிசு, எனக்குச் சரியா வாசிக்க வராது."

எல்லா வரியும் இங்கிலிசுதான் என்று டொக்டர் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தலாம் என்று மட்டும் சொன்னார்.

பாறூக்கின் மோட்டார்சைக்கிள் திருத்தக் கிடந்ததால் மூவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். ஏறாவூர் தாண்டியதும் றிஸ்லா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் உலகத்தைப் படிக்கத் தொடங்கினாள். கடைப் பலகைகள், கம்பி மேல் நின்ற கொக்கு, முன் ஆசனத்தில் தூங்கியவரின் சட்டைக் காலரில் ஊர்ந்த எறும்பு. பஸ்ஸிலுள்ளவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவள் சொல்வது சரிதானா என்று தாங்களும் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டரின் காதுக்குள் முடி முளைத்திருப்பதை அவள் அறிவித்தபோது பாதி பஸ் சிரித்தது. கண்டக்டர் மிச்சக் காசை எண்ணுவதில் கவனமாக இருப்பது போலக் காட்டிக்கொண்டார்.

வெளியில் பார்த்து முடித்துவிட்டு, பொத்திய கையை எடுக்காமலே, றிஸ்லா உம்மாவின் பக்கம் திரும்பினாள். கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள்.

"உம்மா."

"என்ன மகள்?"

"ஒங்கட நாடியில ஒரு மயிர் இரிக்கி. நீட்டா. சுருண்டு."

பாறூக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"ஒங்களுக்குத் தெரியுமா இது?" என்றாள் நஸீறா அவனிடம்.

"தெரியும். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லந்தானே."

"மறுகா ஏன் என்னட்டச் செல்லல்ல?"

"பயத்திலதான்."

நஸீறா மோவாயைத் தடவிப் பார்த்தாள். விரலுக்கே அகப்படாத மெல்லிய மயிர். அதைத்தான் அந்த வலது கண் கண்டிருக்கிறது. சுருண்டிருப்பதையும் கண்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. இரண்டையும் துடைக்காமல், முக்காட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மகளுக்கு முன்னால் நீட்டினாள்.

"இன்னும் நல்லாப் பாரு மகள். வேற என்னெல்லாம் இரிக்கி? செல்லு. பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்கச் செல்லு."

றிஸ்லா மூக்கிலிருந்து தொடங்கினாள்.